தடுப்பு பெப்டைடா, நாக்அவுட் செல்லா? ஏற்பி ஆன்டிபாடியைச் சோதிக்க எதை வாங்குவது

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை. மெம்பிரேனில் மூன்று பட்டைகள். 110 கிலோடால்டன் அருகே ஒன்று, 75-ல் ஒன்று, 50-ல் தடியாக ஒன்று. சுண்டெலியின் மண்ணீரலில் இருந்து எடுத்த லைசேட்டை, அதாவது செல்களை உடைத்தெடுத்த கரைசலை, ஓட்டியிருந்தோம். ஆன்டிபாடி முயலில் உருவானது. கிருமிகளை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பியின் வால் முனையில் உள்ள 15 அமினோ அமிலத் துண்டைக் காட்டித் தயாரித்தது. அந்த ஏற்பி சர்க்கரைச் சங்கிலிகள் இல்லாமல் சுமார் 95 கிலோடால்டன் இருக்கும், சங்கிலிகளோடு 110-ஐத் தாண்டும். ஆக மேலே தெரிவதுதான் நம்ம ஆள் என்று தோன்றியது. தோன்றினால் போதுமா?

ஆன்டிபாடியின் தகவல் தாளில் கடைசி வரி எப்போதும் போல இருந்தது: இதற்கான தடுப்பு பெப்டைடு தனியாகக் கிடைக்கும். விலை குறைவு, சீக்கிரம் வந்துவிடும். மறுபக்கம் அந்த மரபணுவையே நீக்கிய நாக்அவுட் எலியோ செல்லோ வாங்கினால் செலவு பல மடங்கு, காத்திருப்பு பல வாரம். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் பெப்டைடைத்தான் வாங்குகிறார்கள். நாங்களும் வாங்கினோம். அது தப்பான முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று தெரியாமல் வாங்கினோம், அதுதான் தப்பு.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆய்வகத்தில் 'பிளாக்' என்ற ஒரே சொல் நான்கு வேலைக்கு ஓடுகிறது. மெம்பிரேனைப் பால்பவுடரில் ஊறவைப்பதும் பிளாக். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் மேல் இருந்து ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளை அடைப்பதும் பிளாக். ஏற்பியின் மேல் உட்கார்ந்து அதன் வேலையையே நிறுத்தும் ஆன்டிபாடி, உதாரணமாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் பிடி-1 ஆன்டிபாடி, அதற்கும் பிளாக்கிங் என்றுதான் பெயர். நான்காவது நம்முடைய பெப்டைடு. இது ஏற்பியைத் தொடவே தொடாது. ஆன்டிபாடியைத்தான் அடைக்கும். புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர், செல்லின் மேல் ஊற்றினால் டிஎல்ஆர்4 சிக்னல் நின்றுவிடும் என்று நம்பி இந்தப் பெப்டைடை ஒரு வாரம் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். குப்பியின் மேல் இருக்கும் பெயர் அப்படி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? எந்தத் துண்டைக் காட்டி முயலிடம் ஆன்டிபாடி வாங்கினார்களோ, அதே துண்டைச் செயற்கையாகத் தயாரித்துத் தருகிறார்கள். ஆன்டிபாடியோடு அதைக் கலந்து அறை வெப்பத்தில் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை, அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க, வைத்திருக்க வேண்டும். ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் பெப்டைடைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் கலவையை மெம்பிரேனில் ஊற்றினால் பிடிக்க அதற்குக் கை மிச்சமிருக்காது. பெப்டைடு சேர்க்காத ஆன்டிபாடியில் தெரிந்த பட்டை, சேர்த்ததில் மறைந்துவிடும்.

எவ்வளவு சேர்ப்பது? எடைக்கு எடை ஐந்து மடங்கு என்று தாளில் போட்டிருப்பார்கள். கேட்க அதிகமில்லை போலத் தோன்றும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மைக்ரோகிராம் ஐஜிஜி (நம் ஆன்டிபாடியின் வகை) என்பது, மூலக்கூறு எடை 150 கிலோடால்டன் என்று வைத்தால், சுமார் 6.7 பைகோமோல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை, ஆக 13 பைகோமோல் பிடிமானம். 15 அமினோ அமிலப் பெப்டைடின் எடை ஏறக்குறைய 1,650 டால்டன். அதில் 5 மைக்ரோகிராம் என்றால் சுமார் 3,000 பைகோமோல். ஒவ்வொரு கைக்கும் 200-க்கு மேற்பட்ட பெப்டைடுகள் வரிசையில் நிற்கின்றன. அதனால் ஐந்து மடங்கில் மறையாத பட்டை ஐம்பது மடங்கில் மறையும் என்று குப்பியைக் காலி செய்வதில் பெரும்பாலும் அர்த்தமில்லை. ஒன்று பெப்டைடு கெட்டிருக்கும், இல்லையென்றால் அந்தப் பட்டை ஆன்டிபாடியின் கையால் வந்ததே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பெப்டைடின் முழுப் பயனும் இருக்கிறது. மறையாமல் நிற்கும் பட்டையைப் பார்த்து, இது உண்மையான பிடிப்பு இல்லை என்று தைரியமாகத் தள்ளிவிடலாம். எங்கள் 50 கிலோடால்டன் பட்டை அப்படித்தான் நின்றது. மண்ணீரல் என்பது பி செல்கள் நிறைந்த இடம், லைசேட்டிலேயே எலியின் சொந்த ஐஜிஜி ஏராளமாக இருக்கும். அதன் கனச் சங்கிலி, அதாவது ஐஜிஜி பிரியும்போது வரும் பெரிய துண்டு, சரியாக 50-ல்தான் ஓடும். முயல் ஆன்டிபாடியைப் பிடிக்க நாங்கள் ஊற்றிய இரண்டாம் ஆன்டிபாடி, எலி ஐஜிஜியையும் கொஞ்சம் பிடித்திருக்கிறது. முதல் ஆன்டிபாடியே ஊற்றாத லேனிலும் அதே பட்டை வந்ததும் சந்தேகம் தீர்ந்தது. உண்மையில் அந்த லேனை முதலிலேயே போட்டிருந்தால் பெப்டைடு வாங்காமலே இந்தப் பட்டையைத் தள்ளியிருக்கலாம்.

110-ம் 75-ம் சுத்தமாக மறைந்துவிட்டன. அன்றைக்கு நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமில்லை. 75-ல் இருப்பது ஏற்பியின் உடைந்த துண்டு என்று ஒருவர் சொன்னார், சர்க்கரை ஏறாத வடிவம் என்று இன்னொருவர் சொன்னார். சர்க்கரை ஏறாததே 95 வரும், அது எப்படி 75-ல் ஓடும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறைந்தது எதை நிரூபித்தது? வாயைக் கட்டிய நாய் திருடனையும் கடிக்காது, வீட்டுக்கு வந்த விருந்தாளியையும் கடிக்காது. கட்டாமல் விட்டிருந்தால் அது யாரைக் கடித்திருக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆன்டிபாடி டிஎல்ஆர்4-ஐப் பிடித்தாலும் சரி, அதே போன்ற வரிசையுள்ள வேறொரு புரதத்தைப் பிடித்தாலும் சரி, இரண்டுக்கும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது. கையை அடைத்தால் இரண்டு பட்டையும் சேர்ந்துதான் மறையும்.

டிஎல்ஆர் குடும்பத்தில் இது ஏட்டளவு ஆபத்து இல்லை. டிஎல்ஆர்1-ம் டிஎல்ஆர்6-ம் கிட்டத்தட்ட இரட்டையர்கள், அதிலும் செல்லுக்குள் இருக்கும் டிஐஆர் பகுதி மிக மிக ஒத்திருக்கும். அங்கிருந்து ஒரு துண்டை எடுத்து டிஎல்ஆர்1 ஆன்டிபாடி செய்தால் அது இரண்டையும் பிடிக்கும், அதன் தடுப்பு பெப்டைடு இரண்டையும் மறைக்கும், பார்ப்பவருக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரியும்.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று உண்டு, அதை விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை. இன்று வரும் பெப்டைடு ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை அஃபினிட்டி முறையில் சுத்தம் செய்தவை. பெப்டைடைச் சின்ன மணிகளில் ஒட்டி, குழாயில் நிரப்பி, முயல் சீரத்தை அதன் வழியாக விடுவார்கள். பெப்டைடைப் பிடித்தவை தங்கும், மற்றவை வழிந்துபோகும். தங்கியதை அமிலக் கரைசலால் கழற்றிக் குப்பியில் அடைப்பார்கள். அப்படியானால் அந்தக் குப்பியில் இருப்பது எல்லாமே அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் என்று ஏற்கனவே தேர்வானவை. அதன் மேல் அதே பெப்டைடைச் சேர்த்து, பட்டை மறைந்துவிட்டது பார் என்பது, தேர்வு முடிந்த பிறகு அதே வினாத்தாளைக் கொடுத்து மறுபடியும் பாஸ் ஆகிவிட்டான் என்று சொல்வது போல.

சுத்தம் செய்யாத சீரமாக இருந்தால் கதை வேறு. அதில் முயல் தன் வாழ்நாளில் சந்தித்த எல்லாவற்றுக்கும் ஆன்டிபாடி இருக்கும். பெப்டைடு ரொம்பச் சின்னது என்பதால் அதைக் கேஎல்எச் என்ற ஒரு கடல் நத்தையின் புரதத்தோடு ஒட்டித்தான் ஊசி போடுவார்கள், அந்தக் கேஎல்எச்சுக்கு எதிரான ஆன்டிபாடியும் நிறைய இருக்கும். இந்தக் கூட்டத்தில் எது பெப்டைடால் வந்த பட்டை, எது மற்றவற்றால் வந்தது என்று பிரிக்கத் தடுப்பு பெப்டைடு நிஜமாகவே உதவும். சொந்தமாக ஆன்டிபாடி தயாரிக்கும் ஆய்வகங்களுக்கு இது அவசியம் என்றே சொல்வேன்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 2003-லேயே கிளிஃபோர்ட் சேப்பரும் பால் சாச்சென்கோவும் ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி இதழில் திசுச் சாயமிடலுக்கு என்னென்ன கட்டுப்பாட்டுச் சோதனைகள் வேண்டும் என்று எழுதினார்கள். 2005-ல் அந்த இதழின் ஆசிரியர் என்ற முறையில் சேப்பர் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆன்டிபாடியை நம்பி வெளியான ஆய்வுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்த அனுபவம் அதன் பின்னால் இருந்தது.

நோயெதிர்ப்பு ஆய்வாளர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஆல்ஃபா7 நிகோட்டினிக் ஏற்பி. மேக்ரோஃபேஜின் மேல் இருக்கும் இந்த ஏற்பி வழியாக நரம்புகள் அழற்சியைக் குறைக்கின்றன என்று 2003-ல் நேச்சரில் கட்டுரை வந்தபின், அதற்கான ஆன்டிபாடிகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. 2004-லும் 2007-லும் வந்த ஆய்வுகள் சந்தையில் இருந்த பல ஆன்டிபாடிகளை அந்த மரபணுவே இல்லாத எலிகளின் மூளைத் திசுவில் போட்டுப் பார்த்தன. சாதாரண எலியில் வந்த அதே சாயம் நாக்அவுட் எலியிலும் வந்தது. இல்லாத ஏற்பிக்குச் சாயம்!

எங்கள் 75 கிலோடால்டன் கதையும் அங்கேதான் முடிந்தது, ஆனால் நேராகப் போய்ச் சேரவில்லை. நாக்அவுட் எலி வாங்க மனசில்லை. பக்கத்து ஆய்வகத்தில் சி3எச்/எச்இஜே எலி இருந்தது. எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சுக்கு அசையாத எலி, டிஎல்ஆர்4 பழுதானது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் மண்ணீரலை வாங்கி ஓட்டினோம். 110-ல் பட்டை ஜம்மென்று நின்றது. ஆன்டிபாடியே குப்பை என்று முடிவு கட்டி, குப்பியைத் தூக்கிப்போட இருந்தோம்.

ஒரு நாள் கழித்துத்தான் உறைத்தது. 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு கண்டுபிடித்தது என்ன? அந்த எலியில் 712-ஆவது இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் சிக்னல் போகவில்லை. புரதம் என்னவோ உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது. பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் வாங்கித் தந்த கண்டுபிடிப்பில் இதுவும் ஒரு பகுதி, பாடத்தில் படித்ததுதான், ஆனாலும் அவசரத்தில் மறந்துபோனது. வேலை செய்யாத புரதம் வேறு, இல்லாத புரதம் வேறு. ஆன்டிபாடி சோதனைக்கு இரண்டாவதுதான் வேண்டும். அதே 1998 ஆய்வில் வரும் இன்னொரு எலி வகையான சி57பிஎல்/10எஸ்சிசிஆர்-ல் டிஎல்ஆர்4 மரபணுவே வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. அதன் உறவான எஸ்சிஎன் வகையிலும் அப்படியே. அந்த மண்ணீரலைக் கொண்டுவந்து ஓட்டியபோது 110 காணாமல் போனது. 75 அப்படியே இருந்தது, கொஞ்சம் அழுத்தமாகக்கூட. பெப்டைடால் மறைந்ததெல்லாம் நம்ம ஏற்பி என்று நாங்கள் நம்பியதில் பாதி பொய்.

அதனால் நேரடியாகக் கேட்டால் என் பதில் இது: ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நாக்அவுட். 2016-ல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் மத்தியாஸ் ஊலேன் உள்ளிட்ட குழு ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தது. மரபணுவை நீக்குவது அல்லது குறைப்பது, ஆன்டிபாடி இல்லாத வேறு முறையோடு ஒப்பிடுவது, வேறொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, அடையாளம் ஒட்டிய புரதத்தை உருவாக்கிப் பார்ப்பது, பிடித்து இழுத்து மாஸ் ஸ்பெக்ட்ராமெட்ரியில் அடையாளம் காண்பது. அந்த ஐந்தில் தடுப்பு பெப்டைடு இல்லை என்பதைக் கவனியுங்கள். 2023-ல் 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு வைத்துச் சோதித்த ஒய்காரோஸ் குழுவின் ஆய்வும், மற்ற கட்டுப்பாடுகளைவிட நாக்அவுட் செல்லே மேல் என்றது. தன் இலக்கைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடியை வைத்து, சராசரியாகப் புரதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு கட்டுரைகள் வந்திருப்பதையும் அது கண்டது.

ஆனால் நாக்அவுட் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. கிரிஸ்பர் முறையில் மரபணுவை வெட்டும்போது சில செல்களில் முன்பாதிப் புரதம் மட்டும் உருவாகலாம், சிலவற்றில் வெட்டிய எக்ஸானை (மரபணுவின் அந்தத் துண்டை) மட்டும் தாண்டிக் குதித்துக் குட்டைப் புரதம் வரலாம். உங்கள் ஆன்டிபாடி எந்த முனையைப் பிடிக்கிறது, வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று இரண்டையும் வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. இன்னொன்று: மூலச் செல்லில் அந்த ஏற்பி போதுமான அளவு இருக்க வேண்டும். முதலிலிருந்தே இல்லாத செல்லில் நாக்அவுட் செய்து, பட்டை இல்லை பார் என்று காட்டுவதில் என்ன பயன்? ஏற்பிகள் பொதுவாகவே செல்லில் சொற்ப அளவில்தான் இருக்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கும் தவறு.

அப்புறம், நாக்அவுட் எட்டாத இடங்களும் இருக்கின்றன. நோயாளியிடமிருந்து வந்த திசுவுக்கு நாக்அவுட் கேட்க முடியாது. மாடு, நாய், குரங்கு என்று ஆய்வு செய்பவர்களுக்குச் செல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே பெப்டைடு கையில் இருக்கும் ஒரே கருவியாகவும் இருக்கலாம். அப்போதும், அந்த ஏற்பி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு செல் வகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பெப்டைடைவிட அதிகம் சொல்லும்.

நடுவழியாக எஸ்ஐஆர்என்ஏ என்ற சின்ன ஆர்என்ஏ துண்டைப் போட்டு மரபணுவை அடக்கலாமே என்று கேட்பார்கள். மற்ற புரதங்களுக்குச் சரி. நோயெதிர்ப்பு ஏற்பிகளுக்கு இதில் ஒரு தனி வில்லங்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவை மோப்பம் பிடிப்பதே டிஎல்ஆர்3, 7, 8 போன்ற ஏற்பிகளின் வேலை. மேக்ரோஃபேஜுக்குள் எஸ்ஐஆர்என்ஏவைத் திணித்தால் அது வைரஸ் வந்துவிட்டது என்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைக் கொட்டும், அதனால் பல ஏற்பிகளின் அளவே மாறிவிடும். பட்டை குறைந்தது அடக்கியதாலா, கலவரத்தாலா என்று தெரியாது. இலக்கில்லாத எஸ்ஐஆர்என்ஏவை ஒரு லேனில் போடாமல் இதைத் தொடவே கூடாது. போதாததற்கு முதன்மை மேக்ரோஃபேஜுகளும் டி செல்களும் எதையும் சுலபமாக உள்ளே விடாது. செல் மேற்பரப்பில் ஏற்கனவே இருக்கும் ஏற்பி அழிய நாளாகும், ஆகவே முழுதாகப் பட்டை மறைவதும் அரிது. நான் இதை எடுப்பதில்லை.

ஏற்பியை அதிகமாக உருவாக்கிக் காட்டுவது எதிர்ப்பக்க வழி. ஹெக்293 என்ற மனிதச் செல் வகையில் டிஎல்ஆர்4 இயல்பாக இல்லாததால், மரபணுவை உள்ளே போட்ட செல், போடாத செல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். மலிவு, வேகம், சில நாள் வேலை. ஆன்டிபாடியால் அந்த ஏற்பியைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இது நல்ல பதில். வேறெதையும் பிடிக்காதா என்ற கேள்விக்கு இது வாயே திறக்காது. அவ்வளவு புரதம் கொட்டிக் கிடக்கும்போது சுமாரான ஆன்டிபாடியும் ராஜா மாதிரித் தெரியும். பெப்டைடும் இதுவும் சேர்ந்தால் ஒரு நாக்அவுட்டுக்குச் சமம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டுமே அதே கேள்வியை விட்டுவிடுவதால், கூட்டினாலும் அந்த ஓட்டை அடைபடாது.

வேறொரு ஆன்டிபாடியை வைத்துச் சரிபார்ப்பது எனக்குப் பிடித்த வழி, குறிப்பாக நாக்அவுட் கிடைக்காதபோது. ஏற்பியின் வால் முனையை ஒன்று பிடிக்கட்டும், வெளிப்பகுதியை இன்னொன்று பிடிக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி காட்டினால் நம்பிக்கை பிறக்கும். எங்களிடம் அப்போது இரண்டாவது ஆன்டிபாடி இருந்திருந்தால் 75-ஐ அது காட்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஒரே எச்சரிக்கை, ஒரே குளோனை, அதாவது ஒரே செல்வழியில் வந்த அதே ஆன்டிபாடியை, வெவ்வேறு லேபிளில் வெவ்வேறு பேர் விற்பது சகஜம். இரண்டு குப்பி வாங்கி இரண்டும் ஒத்துப்போகிறது என்று மகிழ்ந்தால், ஒருவரையே இரண்டு சட்டையில் சாட்சி சொல்ல வைத்த மாதிரி. குளோன் பெயரையும், எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் பகுதி) இருக்கும் இடத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதோடு மலிவான துணை ஒன்று: பிஎன்ஜிஏஸ் எஃப் என்சைம். ஏற்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே சர்க்கரை ஏறியிருக்கும். மனிதப் பிடி-1 288 அமினோ அமிலம், கணக்குப்படி 32 கிலோடால்டன்தான், ஆனால் மெம்பிரேனில் 50-ஐ ஒட்டி அகலமாகப் பரவித் தெரியும். என்சைமால் சர்க்கரையை வெட்டினால் உண்மையான பட்டை கீழே இறங்க வேண்டும். இறங்காமல் நிற்பதைச் சந்தேகப்படலாம். பெப்டைடு தராத தகவலை இது தரும், ஒரு மதியத்தில் முடியும்.

எந்தச் சோதனைக்கு ஆன்டிபாடியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் தேர்வை மாற்றும். வெஸ்டர்ன் பிளாட்டில் மூலக்கூறு எடை என்ற ஒரு சாட்சியாவது உண்டு. திசுத் துண்டில் சாயமிடும்போது அதுவும் இல்லை, பழுப்பு நிறம் மட்டும்தான். அங்கே பெப்டைடு போட்டதும் பழுப்பு மறைந்ததைக் காட்டி, ஆன்டிபாடி சரியானது என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்த்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். திசுவில் பெப்டைடுக்கு உருப்படியான வேலை, மறையாமல் மிஞ்சும் சாயத்தைக் கண்டுபிடிப்பது. திசுவின் சொந்த பெராக்சிடேஸ், சொந்த பயோட்டின், இரண்டாம் ஆன்டிபாடியின் சில்மிஷம் எல்லாம் அதில் மாட்டும்.

எஃப்சி ஏற்பியும் மாட்டும். மேக்ரோஃபேஜின் மேல் இருக்கும் சிடி16, சிடி32, சிடி64 போன்றவை எந்த ஐஜிஜியாக இருந்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். பெப்டைடு அடைப்பது ஆன்டிபாடியின் கையை, வாலை இல்லை. அதனால் பெப்டைடு கலந்த பிறகும் மேக்ரோஃபேஜ் மட்டும் பளிச்சென்று நின்றால் முதல் சந்தேகம் எஃப்சி மேல் விழ வேண்டும். எலிச் செல்லுக்கு 2.4ஜி2 குளோனைக் கொண்டு சிடி16-ஐயும் 32-ஐயும் முதலில் அடைத்துவிட்டால் தெரிந்துவிடும்.

செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்குப் பெப்டைடு அநேகமாக வீண். அங்கே உயிருள்ள செல்லின் வெளிப்புறத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும், அவை பெரும்பாலும் மடங்கிய முழுப் புரதத்தின் வடிவத்தைப் பிடிப்பவை. டிஎல்ஆரின் வெளிப்பகுதி குதிரை லாட வடிவில் வளைந்திருக்கும். வரிசையில் தள்ளித் தள்ளி இருக்கும் துண்டுகள் மடங்கும்போது பக்கத்தில் வந்து ஒரு எபிடோப் ஆகும். அப்படிப்பட்ட ஆன்டிபாடியை 15 அமினோ அமிலச் சரடால் அடைக்க முடியாது. அதற்குச் செயற்கையாகத் தயாரித்த வெளிப்பகுதிப் புரதம்தான் தடுப்பானாக வேண்டும். அதிலும், எஃப்சி வால் ஒட்டிய புரதத்தை வாங்கினால் இரண்டாம் ஆன்டிபாடி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு புதுக் குழப்பம் தரும். வேறு வால் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு பெப்டைடு வாங்குவதாகவே முடிவு செய்தால், அதை ஒழுங்காகச் செய்வது எப்படி? மூன்று துண்டு வேண்டும், இரண்டு இல்லை. ஒரே ஜெல், ஒரே லைசேட், மெம்பிரேனை மூன்றாக வெட்டி ஒன்றில் வெறும் ஆன்டிபாடி, ஒன்றில் தன் பெப்டைடு சேர்த்தது, ஒன்றில் அதே அளவு சம்பந்தமில்லாத பெப்டைடு சேர்த்தது. மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கோத்தது இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் பெப்டைடைப் போட்டாலும் பட்டை மறைகிறது என்றால் கரைசலில் ஏதோ கோளாறு, உங்கள் ஏற்பியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மூன்றையும் ஒரே நேரம் எக்ஸ்போஸ் செய்ய வேண்டும். ஒன்றை 10 விநாடியும் இன்னொன்றை 2 நிமிடமும் எடுத்துப் பக்கத்தில் வைத்த படங்கள் எனக்கே வந்திருக்கின்றன.

பெப்டைடைக் கெடுப்பதும் சுலபம். குப்பியை உறைபெட்டியிலிருந்து எடுத்த உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். கேஎல்எச்சோடு ஒட்டுவதற்காக ஒரு முனையில் சிஸ்டீன் சேர்த்திருப்பார்கள். அது காற்றுப் பட்டால் இன்னொரு பெப்டைடின் சிஸ்டீனோடு கைகோத்து இரட்டையாகிவிடும். கரைத்ததை ஒரே குழாயில் வைத்து உறையவைத்து உருக்கி உறையவைத்து என்று ஓட்டாமல் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து மைனஸ் 20-ல் வைப்பது நல்லது. நீரில் கரையாத பெப்டைடைக் கொஞ்சம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துவிட்டு அப்புறம் நீர்க்கச் செய்யலாம், ஆனால் கட்டுப்பாட்டுக் குழாயிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். குப்பியில் 1 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அதில் உப்பும் ஈரமும் சேர்த்திதான். மேலே போட்ட 200 மடங்கு கணக்கில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. தூய்மை 95 சதவீதத்துக்கு அதிகக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை, இந்த வேலைக்கு அதைவிடக் குறைந்ததே போதும்.

யாருக்கு எது? வாங்கிய, அஃபினிட்டியில் சுத்தம் செய்த முயல் ஆன்டிபாடி, எலியில் அல்லது பழக்கமான செல் வகையில் வெஸ்டர்ன் பிளாட் என்றால் பெப்டைடுக்கான காசை நாக்அவுட் லைசேட்டில் போடுங்கள். முழு செல்லாக இல்லாமல் லைசேட்டை மட்டும் விற்பவர்களும் உண்டு, செலவு குறையும். சொந்தமாக முயலுக்கு ஊசி போட்டுச் சீரம் எடுத்தவர்கள் பெப்டைடைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும், எப்படியும் ஊசிக்காகச் செய்ததில் மிச்சம் இருக்கும். மனிதத் திசுவில் சாயமிடுபவர்கள் வேறு எபிடோப்பைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை வாங்கட்டும், முடிந்தால் அதே திசுவில் எம்ஆர்என்ஏ எங்கே இருக்கிறது என்றும் பார்க்கட்டும், பெப்டைடு மூன்றாவதுதான். மோனோகுளோனல் (ஒரே குளோனில் இருந்து வந்த ஆன்டிபாடி), அதுவும் முழுப் புரதத்தைக் காட்டித் தயாரித்தது என்றால் பெப்டைடு பற்றிய பக்கத்தையே மூடிவிடலாம். கட்டுரையை மதிப்பிடுபவர் பெப்டைடு கேட்டிருக்கிறார் என்பதால் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நான் என்ன சொல்ல, வாங்கிப் போட்டுவிட்டுக் கூடவே நாக்அவுட் படத்தையும் அனுப்புங்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: இந்தப் பெப்டைடின் வரிசை என்ன? அது தெரிந்தால்தான் தரவுத்தளத்தில் தேடி வேறு எந்தப் புரதத்தில் அதே எழுத்துகள் வருகின்றன என்று பார்க்க முடியும், வரிசை மாற்றிய கட்டுப்பாட்டுப் பெப்டைடையும் செய்ய முடியும். நாங்கள் வாங்கியபோது கேட்கவில்லை. 75-ன் கதை தெரிந்தபின் கேட்டோம், வணிக ரகசியம் என்று பதில் வந்தது. அந்த ஆன்டிபாடியை இப்போதும் 110-க்குப் பயன்படுத்துகிறோம், ஒவ்வொரு முறையும் எஸ்சிஎன் எலியின் லைசேட் ஒரு லேனில் ஓடுகிறது. கூட வாங்கிய பெப்டைடில் திறக்காத ஒரு குப்பி மைனஸ் 20-ல் கிடக்கிறது. 50-ல் பட்டை வந்து யாராவது பயந்தால் மட்டும் அதைத் திறக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.